இருப்பதைக் கொண்டு இல்லத்தை அழகாக்குவோம்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே! ஸலாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

  

இல்லத்தை அமைதி பெறும் இடமாகவும், கம்பளியையும் உரோமத்தையும் வீட்டுச் சாமான்களாகவும் ஆக்கித் தந்ததை அல்லாஹ் தன் அருட்கொடையாக அந்நஹ்ல் அத்தியாயத்தில் (16:80) எடுத்துரைக்கின்றான். ஆகவே வீட்டை அழகுற வைத்திருப்பது மார்க்கத்திற்கு முரணானதன்று. வீண்விரயமும் கஞ்சத்தனமும் இன்றி நடுநிலையாகச் செலவிடுவதே ரஹ்மானின் அடியார்களுடைய பண்பென்று அல்ஃபுர்கான் அத்தியாயம் (25:67) கற்பிக்கின்றது.

ஜாபிர் (ரலி) அவர்கள் மணமுடித்தபோது, வீட்டில் மெல்விரிப்புகள் உண்டா என நபியவர்கள் வினவினார்கள். எங்களுக்கு அவை ஏது என்று ஜாபிர் (ரலி) கூற, விரைவில் உங்களுக்கு அவை கிடைக்கும் என்றார்கள் நபியவர்கள். பிற்காலத்தில் அவ்விரிப்புகளை அகற்றுமாறு ஜாபிர் (ரலி) மனைவியிடம் சொன்னபோது, அவ்வம்மையார் அந்த நபிமொழியையே நினைவூட்டினார், அவரும் விட்டுவிட்டார். வசதி வந்தபின் விரிப்பது குற்றமன்று. வசதி வருமுன் கடன்பட்டு விரிப்பதே துன்பத்தின் தொடக்கம்.

ஆயிஷா (ரலி) அவர்கள் உருவங்கள் பொறித்த திரைச்சீலையொன்றைத் தொங்கவிட்டார்கள். நபியவர்கள் அதை விரும்பவில்லை. கல்லுக்கும் மண்ணுக்கும் ஆடை உடுத்துமாறு அல்லாஹ் நம்மைப் பணிக்கவில்லை என்றார்கள். அன்னையவர்கள் அத்துணியை வெட்டி, பேரீச்ச நார் திணித்து இரு தலையணைகளாகத் தைத்துக்கொண்டார்கள். அதனை நபியவர்கள் குறை கூறவில்லை. சுவருக்கு வீணானது தலைக்குப் பயனாயிற்று. சிக்கனமாக வீடு அமைப்போர்க்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறென்ன வேண்டும்?

ஃபாத்திமா நாயகி (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் கொடுத்தனுப்பியவை ஒரு போர்வை, ஒரு தண்ணீர்த் தோற்பை, இத்கிர் புல் அடைத்த ஒரு தோல் தலையணை ஆகியவையே. இன்றோ கட்டில், மெத்தை, பீரோ, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் எனச் சீர்ப்பட்டியல் நீள்கின்றது. அதை நிறைவேற்ற ஏழைத் தகப்பனார் வட்டிக்கடை வாசலில் நிற்கின்றார். மாதம் நூற்றுக்கு 3 ரூபாய் வட்டியில் 40,000 ரூபாய் வாங்கினால் மாத வட்டி 1,200 ரூபாய். மூன்றாண்டுகளில் வட்டி மட்டும் 43,200 ரூபாய். அசல் அப்படியே நிற்கும். மெத்தையோ அதற்குள் அமுங்கிப் போயிருக்கும்.

வட்டியில்லாத் தவணை என்ற விளம்பரத்திலும் எச்சரிக்கை தேவை. அத்தகைய திட்டங்களில் வட்டியானது செயல்முறைக் கட்டணம் என்ற பெயரில் மறைக்கப்படுவதை 2013 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கியே சுட்டிக்காட்டி, வங்கிகளைக் கண்டித்தது. கடைக்காரர் ஒரே விலையை முடிவாகப் பேசித் தவணையில் பெற்றுக்கொள்வது கூடும். தாமதத்திற்கு அபராதம், கடனுக்குக் கூடுதல் என்றிருப்பின் விலகி நில்லுங்கள்.

அப்படியாயின் செய்ய வேண்டியது யாது? முதலாவதாக, வரிசை அறிந்து செலவிடுங்கள். நம் கரிசல் மண் மழையில் உப்பும். கோடையில் சுருங்கி வெடிக்கும். சுவரில் விரிசலிருக்க, மேலே விலையுயர்ந்த வண்ணம் பூசுவதில் பயனில்லை. விரிசலை அடைத்து, வெள்ளையடித்து, காற்றும் வெளிச்சமும் வரச் செய்தால் பாதி அலங்காரம் முடிந்தது.

இரண்டாவதாக, அருகில் கிடைப்பதை மதியுங்கள். நம்மூர்த் தச்சர் வேப்பமரத்தில் செய்யும் அலமாரி அழுத்திய தூள்பலகை அலமாரியைக் காட்டிலும் நெடுநாள் உழைக்கும். பழுதானால் அவரே சீர்செய்வார். சேரன்மகாதேவி அருகிலுள்ள பத்தமடையில் நம் சமுதாயப் பெண்கள் தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து, கீறி, சாயமேற்றிப் பாய் நெய்கின்றனர். புவிசார் குறியீடு பெற்ற அப்பாயில் பட்டுப்போன்ற நுண்ரகம் விலை மிகுந்தது; சாதாரண ரகமோ எளியோர்க்கும் ஏற்றது. அதனை வாங்கினால் நம் கூடம் குளிரும். ஒரு சகோதரியின் அடுப்பும் எரியும்.

மூன்றாவதாக, தேவைக்கு மேல் சேர்க்காதீர்கள். கணவனுக்கொரு விரிப்பு, மனைவிக்கொன்று, விருந்தினர்க்கொன்று. நான்காவது ஷைத்தானுக்குரியது என்னும் கருத்தில் நபிமொழி உள்ளது. விருந்தினருக்கும் பங்கு வைத்திருப்பதைக் கவனியுங்கள். எவரும் அமராத அலங்கார நாற்காலியைவிட, வந்தவருக்கு விரிக்கும் பாயே வீட்டின் கண்ணியம்.

நிறைவாக ஜமாஅத்தாரிடம் ஒரு வேண்டுகோள். அற்பப் புழங்கு பொருளையும் பிறருக்குக் கொடுக்க மறுப்போரை அல்மாஊன் அத்தியாயம் (107) கடிந்துரைக்கின்றது. நம் வீட்டுப் பரண்களில் பயனின்றிக் கிடக்கும் கட்டில், மேசை, பாத்திரங்களைப் பள்ளிவாசலில் ஒப்படையுங்கள். நிர்வாகத்தார் அவற்றைச் செப்பனிட்டு, புதுக்குடித்தனம் செல்லும் பிள்ளைகளுக்குப் பெயர் வெளிப்படாமல் வழங்கட்டும். ஒரு தகப்பனாரேனும் வட்டிக்கடைப் படியேறாமல் திரும்பினால், அதுவே இவ்வாண்டில் நாம் செய்த பெரும் நற்பணியாகும்.

வல்ல ரஹ்மான் நம் இல்லங்களை ஹலாலான பொருளாலும், குர்ஆன் ஓசையாலும், மனநிறைவாலும் அழகுபடுத்துவானாக! வட்டியின் பிடியிலிருந்து நம்மையும் நம் சந்ததியரையும் காத்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.