காணாமற்போன தொரையைத் தேடுவது எப்படி?
(தோட்டப் பெண்கள் சங்கக் கூட்டத்தில் எமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கும் பிள்ளைகளின் போஷாக்கு, மலசலகூடம், குடிதண்ணீர் பற்றித்தான் பேசுவோம் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்று அது இல்லை. கொஞ்சம் கூச்சமான ஒரு விசயத்தைப் பேச வந்திருக்கிறோம்.

நமது தோட்டங்களில் சில குடும்பங்களில் ஒரு கதை உண்டு. "எங்க பாட்டியோட அப்பா வெள்ளைக்காரத் தொரை" என்பார்கள். சிலர் பெருமையாகச் சொல்வார்கள், சிலர் வாயே திறக்க மாட்டார்கள். பூனைக்கண்ணும் செம்பட்டை முடியுமாகப் பிறந்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கேலி பண்ணுவதும் நமக்குத் தெரியும். பழைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தகப்பன் பெயர் எழுதும் இடத்தில் வெறும் கோடுதான் இருக்கும். அண்மையில் ஒரு அம்மா எங்களிடம் வந்து, "அவரு யாரு, எந்த ஊருன்னு தெரிஞ்சா போதும். வேற ஒண்ணும் வேணாம்" என்று சொன்னார். அவருக்காகத் தேடிப் படித்ததைத்தான் இப்போது உங்கள் முன் வைக்கிறோம்.

வெள்ளைக்காரன் என்றால் எல்லாரும் லண்டன்காரன் இல்லை. மலையில் கோப்பி போட்டவர்களிலும் தேயிலை போட்டவர்களிலும் ஸ்கொட்லாந்துக்காரர்கள் நிறையப் பேர். பெயர்ப் பலகைகளைப் பாருங்கள். கிளாஸ்கோ, எடின்பரோ, பெல்மோரல், ஹோலிறூட், டன்கெல்ட் எல்லாம் அவர்களுடைய ஊரும் அரண்மனையும்தான். ஊர் நினைவில் இங்கே பெயர் வைத்தார்கள். ஆகவே தொரையைத் தேடுகிறவர் முதலில் ஸ்கொட்லாந்தில் தேடுவது நல்லது. அங்கே தேடுவது சுலபமும்கூட.

ஏன் சுலபம் என்றால், 1855 ஜனவரி 1 முதல் ஸ்கொட்லாந்தில் பிறப்பு, கலியாணம், மரணம் எல்லாவற்றையும் அரசாங்கம் கட்டாயமாகப் பதிந்தது. அதற்கு முன்னே பங்குக் கோயில்களில் ஞானஸ்நானப் புத்தகம் இருந்தது. சில கோயில்களில் 1500களிலிருந்தே இருக்கிறது. பிறகு 1841 முதல் பத்து வருசத்துக்கு ஒரு தடவை எடுத்த குடிசன மதிப்பீடு. அதில் வீடு வீடாக, ஆள் ஆளாக எழுதியிருக்கிறார்கள். 1921 வரையுள்ளதைப் பொதுமக்கள் பார்க்கலாம். நூறு வருசம் ஆகும்வரை குடிசன மதிப்பீட்டை மூடி வைப்பது அவர்கள் வழக்கம். இவையெல்லாம் எடின்பரோவில் அரசாங்கப் பதிவகத்தில் இருக்கின்றன. இப்போது கம்ப்யூட்டரிலேயே பெயர் போட்டுத் தேடலாம். மூலப் பக்கத்தின் படத்தைப் பார்க்கச் சிறு கட்டணம் உண்டு.

ஒரு உதாரணம் சொன்னால் விளங்கும். தேயிலையை முதன்முதல் தோட்டமாகப் போட்ட ஜேம்ஸ் டெயிலரை எல்லாருக்கும் தெரியும். 1835 இல் கின்காடின்சயர் மாவட்டத்தில் பிறந்தவர். 1852 இல் இலங்கை வந்தார். 1867 இல் லூல்கந்துரவில் தேயிலை நட்டார். 1892 இல் அங்கேயே காலமானார். கண்டி மகியாவையில் கல்லறை இருக்கிறது. அவரை யாரென்றே தெரியாமல் நாம் தேடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1855க்கு முன் பிறந்தவர், ஆகவே கோயில் புத்தகத்தில்தான் தேட வேண்டும். 1841, 1851 மதிப்பீடுகளில் வீட்டாரோடு தேடலாம். 1861 இல் தேடிப் பயனில்லை, ஆள் இங்கே மலையில் இருக்கிறார். அவர் தகப்பனுக்கு எழுதிய கடிதங்கள் எடின்பரோவில் தேசிய நூலகத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. எல்லாத் தொரைமாருக்கும் அப்படிக் கடிதம் மிஞ்சவில்லை.

பெரிய தலையிடி பெயர்தான். கெம்பல், ஸ்டுவர்ட், மெக்டொனால்ட் என்று ஒரே பெயரில் ஒரு மாவட்டத்திலேயே பத்துப் பேர் இருப்பார்கள். நம்மிடையே எத்தனை ராமசாமி, எத்தனை மாரியாயி! இதற்கு ஒரு வழி உண்டு. ஸ்கொட்லாந்து மரணப் பதிவில் செத்தவரின் தகப்பன் பெயரோடு தாயின் கலியாணத்துக்கு முந்திய குடும்பப் பெயரையும் எழுதுவார்கள். எண்பது வயதில் செத்த கிழவருக்கும் எழுதுவார்கள். தாயின் பெயர் கிடைத்தால் பத்துக் கெம்பலில் நம்முடைய கெம்பல் யார் என்று பிரித்துவிடலாம். தாயின் பெயர்தான் சாவி என்று இந்த வேலை தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்.

இன்னொன்று நமக்குச் சந்தோசமாக இருந்தது. நாம் பேரன் என்கிறோமே, அது பாட்டன் பெயரைத் தாங்கியவன் என்பதுதான். ஸ்கொட்லாந்திலும் அதே வழக்கம். மூத்த மகனுக்குத் தகப்பனைப் பெற்ற பாட்டன் பெயர், இரண்டாமவனுக்குத் தாயைப் பெற்றவர் பெயர். மூத்த மகளுக்கு அம்மம்மா பெயர். எல்லாக் குடும்பமும் கடைப்பிடித்தது என்று சொல்ல முடியாது. ஆனால் பிள்ளைகளின் பெயரை வரிசையாக வைத்துப் பார்த்தால் பாட்டன் பாட்டி யார் என்று ஊகிக்கலாம்.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். அந்த நாட்டில் கலியாணம் ஆகாத பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தால், கோயில் மூப்பர்மார் கூடி அவளைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். தகப்பன் யார் என்று கேட்பார்கள். அவன் பெயரைப் புத்தகத்தில் எழுதி அவனையும் கூப்பிடுவார்கள். பெண்ணை அவமானப்படுத்திய வழக்கம்தான், நாங்கள் அதைப் புகழவில்லை. 1855க்குப் பின் கோர்ட்டுக்குப் போய்த் தகப்பன் இன்னார் என்று தீர்ப்பு வாங்கினால், பிறப்புப் பதிவைத் திருத்தும் தனிப் புத்தகத்தில் அதை ஏற்றுவார்கள். அதனால் அங்கே ஒரு மாட்டுக்காரப் பெண்ணின் பிள்ளைக்கும் தகப்பன் பெயர் காகிதத்தில் கிடைக்க வழி இருந்தது. அதே ஊர்ப் பையன் கப்பலேறி இங்கே வந்து சின்னத் தொரையானதும் அவனை யார் கேட்டது? கங்காணி கேட்பாரா? கணக்கப்பிள்ளை கேட்பாரா? நமது பாட்டிமாரின் குறை இது இல்லை. அவர்களைக் கேட்டு எழுதிக்கொள்ள இங்கே ஆள் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆள் காணாமற்போனார் என்றால் அங்குள்ள வீட்டாருக்கும் அது ஒரு புதிர்தான். ஒரு மதிப்பீட்டில் இருக்கிறார், அடுத்ததில் இல்லை, மரணப் பதிவும் இல்லை. அப்போது மரணசாசனங்களைப் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் செத்தவருக்கு ஸ்கொட்லாந்தில் காசு பணம் இருந்தால் அதன் கணக்கு எடின்பரோ கோர்ட்டில் பதியப்பட்டிருக்கும். சில ஊர்க் கல்லறைகளில் தாய் தகப்பன் பெயருக்குக் கீழே, மகன் இலங்கையில் இறந்தான் என்றும் செதுக்கியிருப்பார்கள். 1869 இல் கோப்பியில் நோய் விழுந்து, அடுத்த வருசங்களில் நொடித்துப்போய் ஊர் திரும்பிய தொரைமாரும் உண்டு. அவர்களை 1881, 1891 மதிப்பீட்டில் தேடலாம். பிறந்த இடம் இலங்கை என்று எழுதிய பிள்ளை அந்த வீட்டில் இருந்தால் உற்றுப் பாருங்கள்.

இந்தியாவில் இப்படித் தேடிக் கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள். அசாம், டார்ஜிலிங் தேயிலைத் தொரைமாருக்குத் தோட்டத்துப் பெண்களிடம் பிறந்த பிள்ளைகளுக்காக, கிரஹாம் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் 1900 இல் கலிம்பொங்கில் ஒரு விடுதி தொடங்கினார். அதில் நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளை 1908 முதல் 1938 வரை நியூசிலாந்துக்கு அனுப்பினார்கள். தாயைப் பற்றிப் பலர் வாய் திறக்காமலே செத்துப்போனார்கள். பேரப்பிள்ளைகள்தான் விடுதிக் காகிதங்களைக் கிளறிப் பாட்டன் யார், பாட்டி யார் என்று பார்த்தார்கள்.

நம்முடைய சொந்த வரலாற்றுக்கு இப்படிப் புத்தகம் இல்லையே என்று யாரும் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் முன்னோருக்குக் கிடைத்தது எழுத்தும் நம்பரும் அடித்த ஒரு தகரத் துண்டு. 1948 இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்து தகப்பன் பிறந்த காகிதம் கேட்டபோது, அது இல்லாமல் எத்தனை பேர் நாடற்றவர்களானார்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். 2003 இல்தான் அந்தப் பிரச்சினைக்கு முடிவான சட்டம் வந்தது. தொரையின் பெயரைத் தேடும்போது அந்தப் பாட்டியின் பெயரையும், அவர் எந்தக் கப்பலில் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதையும் சேர்த்துக் கேட்டு எழுதுங்கள். அவரும் காணாமற்போனவர்தான்.

ஒரு எச்சரிக்கை. ஸ்கொட்லாந்துக் காகிதம் அந்த மனிதன் யார் என்று சொல்லும். அவன்தான் உங்கள் பூட்டன் என்று அது சொல்லாது. அதற்கு இரத்த உறவுப் பரிசோதனை வேண்டும், அதிலும் அங்குள்ள சொந்தக்காரர் ஒருவர் சம்மதிக்க வேண்டும். அவர்கள் கதவைச் சாத்தலாம். அதைத் தாங்கிக்கொள்ள முடியுமா என்று முதலில் வீட்டில் பேசுங்கள். பூட்டன் வெள்ளைக்காரன் என்றால் விசா எடுக்கலாம், சொத்து வாங்கலாம் என்று சொல்லிக் காசு கேட்டு வருகிறவனிடம் ஐந்து சதமும் கொடுக்க வேண்டாம்.

தேட விரும்புகிறவர்கள் வீட்டில் இருக்கிற பழைய காகிதம் எதுவானாலும் கொண்டு வாருங்கள். ஞானஸ்நானச் சீட்டு, பழைய போட்டோ, செக்ரோல் துண்டு எதுவும் பரவாயில்லை. தோட்டத்தின் பெயர், பாட்டி பிறந்த வருசம், தொரையை ஆட்கள் கூப்பிட்ட பட்டப் பெயர் இவற்றை வயசானவர்களிடம் இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். பழைய பெர்குசன் டைரக்டரியில் எந்த வருசம் எந்தத் தோட்டத்தில் எந்தத் தொரை இருந்தார் என்று பார்க்கலாம். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைக் காம்பராவில் இருப்போம். தனியாகப் பேச விரும்புகிறவர்கள் மத்தியானத்துக்குப் பிறகு வாருங்கள்.