திலகரும் அகர்க்கரும்

தேசத்தலைவர் பெரியவரா, சீர்திருத்தக்காரர் பெரியவரா என்று நம்மைக் கேட்கிறார்கள். பூனாவைப் பார்த்தால் போதும். பால கங்காதர திலகரும் கோபால் கணேஷ் அகர்க்கரும் 1856-ல் பிறந்தவர்கள். இருவரும் சித்பாவனப் பார்ப்பனர், கல்லூரித் தோழர்கள். 1881-ல் தோன்றிய 'கேசரி'க்கு முதல் ஆசிரியர் அகர்க்கரே. 1882-ல் கோல்ஹாப்பூர் வழக்கில் இருவரும் 101 நாள் ஒன்றாய்ச் சிறையிருந்தார்கள். பிரித்தது ஒரே கேள்வி: முதலில் சுயராஜ்யமா, சீர்திருத்தமா?

அகர்க்கர் விலகி, 1888-ல் 'சுதாரக்' பத்திரிகை தொடங்கினார். 1891-ல் சம்மத வயதை 10-லிருந்து 12 ஆக்கச் சட்டம் வந்தது. 12 வயதாகாத மனைவியைத் தீண்டுவது குற்றம் என்பதே அதன் சாரம், வேறொன்றுமில்லை. கல்கத்தாவில் பூல்மணி என்ற சிறுமி புருஷனால் மாண்ட பிறகுதான் இவ்வளவாவது! திலகர் எதிர்த்தார். குழந்தை மணம் நல்லதென்றா? இல்லை, அந்நிய சர்க்கார் நம் ஆசாரத்தில் கை வைக்கலாகாதாம். சரி, சுயராஜ்யம் வரும்வரை அந்தக் குழந்தை என்ன செய்வது?

அகர்க்கருக்கு உயிரோடிருக்கையிலேயே வைதீகர்கள் சவ ஊர்வலம் விட்டார்கள். 1895-ல், நாற்பது வயதாகுமுன்பே மாண்டார். திலகர் 1908-ல் ஆறு வருஷத் தண்டனை பெற்று மாந்தளை போனார். அத்தியாகத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. அவர் 1893 முதல் பெருக்கிவிட்ட கணபதி ஊர்வலம் இன்றும் நடக்கிறது. பெண்ணின் மணவயதோ, அந்நியன் 1947-ல் போன பின்னும், 18-ஐ எட்ட 1978 வரை காத்திருந்தது.