கொடையும் பொறுப்பும்: டெங்கில் தரும் பாடம்



'நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு' என்னும் தொடர் இன்று வணிகவியல் பாடநூல்களிலும் நிறுவன ஆண்டறிக்கைகளிலும் தவறாது இடம்பெறுகிறது. அத்தொடரிலுள்ள 'பொறுப்பு' என்னும் சொல்லை முதலில் கருதுவோம். 'பொறு' என்னும் வினையடியாகப் பிறந்த சொல் அது. பொறுத்தல் என்பதற்குச் சுமத்தல், தாங்குதல் என்னும் பொருள்களும் உண்டு. கொடை என்பது ஒருவர் தாம் விரும்பிய காலத்தில், விரும்பிய அளவில் தருவது. பொறுப்பு என்பது தம் செயலால் எழுந்த சுமையைத் தாமே தாங்குவது. இவ்விரண்டும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை டெங்கில் வட்டாரத்தின் வரலாற்றைப்போலத் தெளிவாக விளக்கும் பாடநூல் அரிது.

லங்காட் ஆற்றையொட்டிய இவ்வட்டாரம் ஈயத்தாலும் ரப்பராலும் செம்பனையாலும் வளர்ந்தது. இன்று பறவைகளைக் காணச் செல்லும் பாயா இண்டா ஈரநிலம் ஒருகாலத்தில் ஈயம் தோண்டிய நிலம். இதனை அடுத்து, 1921இல், முதல் உலகப் போரிலிருந்து மீண்ட பிரிட்டிஷ் படையதிகாரிகள் காடழித்து ஒரு தோட்டத்தை உருவாக்கினர். 'பெரும்போர்' என்னும் பொருள்பட அதற்குப் 'பிராங் பெசார்' என்று பெயரிட்டனர். அங்கு உருவாக்கப்பட்ட ஒட்டுரக ரப்பர் மரங்கள் அத்தோட்டத்தின் முதலெழுத்துகளைத் தாங்கிப் புகழ்பெற்றன. 'பி.பி. 86' என்னும் இனம் அவற்றுள் ஒன்று. ஆய்வேடுகளில் மரத்தின் பெயர் நிலைத்தது. அம்மரத்தை நட்டுச் சீவிப் பால் சேர்த்தவர்களின் பெயர் நிலைக்கவில்லை. அவர்களுள் பெரும்பாலோர் தமிழர்.

1990களில் அந்நிலத்தில் நாட்டின் நிருவாகத் தலைநகரை அமைக்க அரசு முடிவு செய்தது. 1995இல் கட்டுமானப் பணி தொடங்கியது, புத்ராஜெயா எழுந்தது. பிராங் பெசாரிலும் அண்டைத் தோட்டங்களிலும் வாழ்ந்த ஏறத்தாழ 400 குடும்பங்கள் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு இடம்பெயர்ந்தன. சில ஆண்டுகளிலேயே அக்கட்டடங்களில் விரிசல்கள் தோன்றின. குடியிருப்போர் பாதுகாப்புக் கேட்டனர். தரை வீடுகள் கேட்டனர். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டனர். அண்மை ஆண்டுகளில்தான் தரை வீட்டுத் திட்டத்திற்கு அரசு நிதி ஒதுக்க முன்வந்தது. இதற்கிடையில் ஒரு தலைமுறை முதுமையெய்தியது.

இந்நிலை ஏன் ஏற்பட்டது? ஒருவரது இரக்கமின்மையே காரணம் என்று கூறி இதைக் கடந்துவிடலாகாது. காரணம் தோட்ட அமைப்பிலேயே உள்ளது. லயத்து வீடு வேலையோடு வந்தது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. மூன்று தலைமுறை ஒரே லயத்தில் வாழ்ந்தாலும் குடும்பத்துக்கு நிலத்தில் உரிமை பிறக்கவில்லை. ஆகவே நிலம் கைமாறும்போது விலை பேசுவோரின் கணக்கில் நிலத்திற்கும் மரத்திற்கும் கட்டடத்திற்கும் மதிப்பு இருந்தது. குடியிருந்தோரின் வீட்டுத்தேவை அந்த விலைக்கு வெளியே நின்றது. கணக்கேட்டில் எழுதப்படாத செலவு மறைந்துபோவதில்லை. அதை வேறொருவர் சுமக்கிறார். முதலில் தொழிலாளி சுமந்தார். பின்னர் மக்கள் வரிப்பணம் சுமக்க நேர்ந்தது. பொருளியலார் இதைப் புறச்செலவு என்பர்.

இத்தகைய புறச்செலவைக் கணக்கிற்குள் கொண்டுவரும் முயற்சியே சமூகப் பொறுப்புக் கொள்கையின் உண்மையான நோக்கம். 2006இல் புர்சா மலேசியா பங்குச் சந்தை வெளியிட்ட வழிகாட்டி, சுற்றுச்சூழல், சமூகம், பணியிடம், சந்தை என நான்கு களங்களை வகுத்தது. பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் தம் பணிகளை ஆண்டறிக்கையில் தெரிவிக்கும் நடைமுறையும் தொடர்ந்தது. இந்தியாவின் 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டமோ, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடப் பணிக்கிறது. இவை இரண்டும் பயனுடையவை. எனினும் அறிக்கை எழுதுவதும் இலாபத்தில் ஒரு பங்கைப் பகிர்வதும் இலாபம் வந்த வழியைத் தாமாகவே சீர்செய்துவிடா.

திருக்குறளின் 'பொருள் செயல்வகை' அதிகாரம் பொருளின் சிறப்பைப் போற்றுகிறது. அவ்வதிகாரமே, தீமையின்றி வந்த பொருள்தான் அறத்தையும் இன்பத்தையும் தரும் என்றும் வரையறுக்கிறது. ஈட்டிய பின் எவ்வளவு கொடுத்தாய் என்பதன்று, எவ்வழி ஈட்டினாய் என்பதே முதல் வினா.

இன்றைய உலகச் சந்தையும் அவ்வினாவைக் கேட்கத் தொடங்கியுள்ளது. நீடித்த செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை அமைப்பு 2004இல் தொடங்கியது. காடு, நீர் ஆகியவற்றோடு தொழிலாளர் நிலையும் அதன் சான்றிதழுக்குரிய அளவுகோலாயிற்று. ஆயினும் 2020 டிசம்பரில், கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டின் பேரில் சைம் டார்பி பிளான்டேஷன் நிறுவனத்தின் செம்பனை எண்ணெயை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியது. வேலைக்கு வருவதற்காகத் தொழிலாளர் செலுத்தியிருந்த கட்டணங்களை நிறுவனம் அவர்களுக்கே ஈடுசெய்தது, நடைமுறைகளைத் திருத்தியது, 2023இல் தடை விலகியது. சான்றிதழும் அறிக்கையும் இருந்தும் திருத்தம் தேவைப்பட்டது என்பதை இங்கே கருத வேண்டும். அத்திருத்தம் நன்கொடையாக வரவில்லை, தொழிலாளருக்குச் சேரவேண்டிய தொகையாக வந்தது என்பதையும் கருத வேண்டும்.

தொழிலாளரை மையமாகக் கொண்ட வணிகம் நமக்குப் புதிதன்று. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தன. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டந்தோறும் சென்று, தொழிலாளரிடம் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகப் பங்குத்தொகை திரட்டினார். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அவ்வாறு வாங்கப்பட்டது. மரம் சீவியவரே தோட்டத்தின் பங்குதாரராயினர். நிலம் யாருடையது என்பதை மாற்றினால் சுமை யார்மேல் விழுகிறது என்பதும் மாறும் என்பதை அச்சங்கம் செயலில் காட்டியது.

எல்லா இடங்களிலும் கூட்டுறவு அமைக்க இயலாது. ஆனால் ஒன்று இயலும். நிலத்தின் பயன்பாடு மாறும்போது, அங்கு வாழ்வோரின் வீடு, பள்ளி, கோயில், இடுகாடு ஆகியவற்றுக்கான ஏற்பாட்டை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். அதைத் திட்டச் செலவின் ஒரு பகுதியாகவே கணக்கிடலாம். முதல் மரம் சாயும் முன் எழுதப்பட்டால் அது பொறுப்பு. இருபது ஆண்டு கழித்து ஒரு விழாவில் வழங்கப்பட்டால், பெறுவோர் நன்றி சொல்ல வேண்டிய கொடையாக அது மாறிவிடுகிறது. உரிமையாய்ப் பெற வேண்டியதை நன்றியுடன் பெறச் செய்வதும் ஓர் இழப்பே.

மாணவர்களே, ஒரு நிறுவனத்தின் நீடித்த வளர்ச்சி அறிக்கையைப் படிக்கும்போது மரநடுவிழாப் படங்களோடு நின்றுவிடாதீர்கள். இந்த இலாபத்தின் சுமையை யார் தாங்கினர்? அவர்கள் எங்கே குடியிருக்கின்றனர்? வேலை முடிந்த மறுநாள் அவர்களுக்கு வீடு உண்டா? இம்மூன்று வினாக்களையும் கேளுங்கள். ஆசிரியப் பெருமக்கள் இவற்றை வகுப்பறையில் கேட்கப் பழக்குவார்களானால், நாளை ஒப்பந்தம் எழுதும் மேசையில் அமரப்போகும் நம் பிள்ளைகள் அவற்றை மறக்கமாட்டார்கள்.