முதுசம் வரும்வரை



இன்று என்னைப் பேச அழைத்த அறக்கட்டளை யாருடைய நினைவாக நிறுவப்பட்டதோ, அந்தப் பெரியவர் நொத்தாரிசு. நுகேகொடையில் ஹைலெவல் வீதியோரம் அவருடைய கந்தோர். மூன்று வருடம் அங்கே உறுதிகளைப் படியெடுத்தேன். சட்டம் கொஞ்சம், குடும்பங்கள் நிறையப் படித்தேன். வளர்ந்த பிள்ளைகள் வீட்டுக்காகப் பெற்றோரின் சொத்தை நம்பியிருக்கலாமா என்று கேட்டால், அந்தக் கந்தோரின் உறுதிப்பெட்டியைத் திறந்துதான் எனக்குப் பதில் சொல்லத் தெரியும்.

யாழ்ப்பாணத்துத் தேசவழமையை 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஈசாக்ஸ் எழுத்தில் கொண்டுவந்தார். அதிலே சொத்து மூன்று வகை: பரம்பரையாய் வரும் முதுசம், சீதனம், உழைத்துச் சேர்க்கும் தேடியதேட்டம். முதுசம் மகன்மாருக்கு, சீதனம் மகளுக்கு என்று எல்லோரும் சொல்வோம். எப்போது கைக்கு வரும் என்பதைத்தான் விட்டுவிடுவோம். முதுசம் சாவீட்டுக்குப் பின்னால் வரும். சீதனம் கலியாண வீட்டில் வரும், புதுக் குடித்தனத்துக்குக் கூரை வேண்டிய அதே நாளில். அந்தக் கூரைக்கு யார் உழைத்தார்கள்? கலியாணமாகும்வரை மகன் தேடியதும் பெற்றோரின் சொத்தோடு சேரும் என்கிறது அந்தப் பழைய வழமை. அண்ணனின் சம்பளம் தங்கைச்சியின் சுவராக எழுந்தது. நான் சீதனத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. அப்படிக் கிடைத்த வீட்டையும் கணவனின் எழுத்துச் சம்மதமில்லாமல் அவளால் விற்க முடியாதென்று 1911ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் பூட்டுப் போட்டது. ஆனாலும் காலக்கணக்கு அந்தக்காலத்தவருக்குத் தெரிந்திருந்தது.

எங்களுக்குத் தெரியவில்லை. தாய்க்கு 28 வயதில் பிறந்த பிள்ளைக்கு, தாய் 85இல் கண்மூடும்போது 57 வயது. ஓய்வூதியத்தை எண்ணுகிற வயதில் வீட்டுத் திறப்பு கைக்கு வருகிறது. அதுவரை கொழும்பு வெள்ளவத்தையில் வாடகை.

வருவதும் முழுசாக வராது. பொதுச்சட்டப்படி, மரணசாதனம் இல்லாவிட்டால், துணைவருக்குப் பாதி, மிச்சம் பிள்ளைகளுக்குச் சமபங்கு. இருவரும் போனபின் 12 பேர்ச் வளவு நாலு பிள்ளைகளிடம் வந்தால் ஆளுக்கு 3 பேர்ச், சுமார் 817 சதுர அடி. அதிலும் வழி விடவேண்டும். ஒருவர் ஸ்காபரோவில், ஒருவர் இலண்டனில், ஒருவரிடமிருந்து அற்றோணித் தத்துவம் வந்துசேரவில்லை. பிறகு 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பாகப்பிரிவினை வழக்கு. கடல் பக்கம் இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக மாடிக்குடியிருப்பாக எழும்பியதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்: காணியை வெட்ட முடியாது, தட்டுத் தட்டாகப் பிரிக்கலாம்.

காத்திருக்கிற வீடே இல்லாமலும் போகலாம்; தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரத்தையும் சொல்லாமல் போக முடியாது. வெள்ளவத்தையிலும் நுகேகொடையிலும் வீடுகள் எரிந்தன. உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் எடுக்கலாம். வீட்டை எங்கே எடுப்பது?

பிள்ளைகளைக் குறைசொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 நூற்றுவீதப் புள்ளிகள் கூட்டியது. மாதச்சம்பளக்காரர் தேடியதேட்டத்தால் கொழும்பில் வீடு வாங்குவது இலேசல்ல என்று தெரிந்துகொண்டு, “நாங்கள் அந்தக்காலத்தில்” என்று தொடங்குவது அழகில்லை. உயிரோடிருக்கும்போதே, எல்லாப் பிள்ளைகளும் அறிய, முடிந்ததைக் கொடுங்கள் என்பேன். கொடுக்க முடியாவிட்டால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் பிள்ளை எங்கள் வயதை எண்ணத் தொடங்கும். அது கெட்ட பிள்ளையாக இருக்க வேண்டுமென்றில்லை.

அதற்காக முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்டு விறாந்தையில் பாய் போடவும் வேண்டாம். மீளப்பெற முடியாதென்று எழுதிய நன்கொடை உறுதியையும் கொடிய நன்றிகேட்டைக் காட்டி நீதிமன்றத்தில் இரத்துச் செய்விக்கலாம்; 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இதற்கென்றே வந்தது. நன்றிகேடு என்ற சொல்லை இந்த நாடு ஒரு சட்டத்தின் தலைப்பிலேயே வைக்கவேண்டி வந்துவிட்டது.

எங்கள் நொத்தாரிசு ஐயா சீவிய உரித்து வைக்காமல் நன்கொடை உறுதி எழுதமாட்டார். மகனோ மகளோ தாயைக் கூட்டிவந்தால், பிள்ளையைத் தேத்தண்ணி குடிக்க வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கேட்பார்: “அம்மா, இதிலை கையெழுத்து வைச்ச பிறகு நீங்கள் எந்த அறையிலை படுப்பீங்கள்?”

பதில் உடனே வராவிட்டால் பேனாவை மூடி மேசை லாச்சிக்குள் வைத்துவிடுவார். பிள்ளை திரும்பி வரும்போது, முத்திரை முடிந்துபோச்சு, அடுத்த மாதம் வாருங்கள் என்பார். லாச்சி நிறைய முத்திரை இருக்கும்.