சூரன் போரும் கணினிப் போரும்

தெய்வங்களுக்குள் போர் மூண்ட கதை பல நாடுகளில் உண்டு. கிரேக்கர் அதனைப் பாடினர். பாபிலோனியர் களிமண் பலகையிற் பொறித்தனர். யாழ்ப்பாணத்தவர்க்கோ அது ஏட்டிற் படிக்கும் கதை மட்டுமன்று. ஐப்பசித் திங்களிற் கோயில் வீதியிலே கண்ணாரக் காணும் காட்சியுமாகும். அத்தகைய போர் ஒன்று இக்காலத்திற் கணினித் திரையிலும் நிகழ்கின்றது. இரண்டினையும் ஒருங்கு வைத்து நோக்குதல் பயனுடையது.

சுவீடன் நாட்டினரான யோகான் கார்ல்சன், கிறிஸ்டோபர் ஓஸ்டர்மன் என்னும் இருவர் ஆக்கிய விளையாட்டுக்கு 'டொமினியன்ஸ்' என்பது பெயர். அதன் ஆறாம் பதிப்பு 2024 ஆம் ஆண்டில் வெளிவந்தது. உலகனைத்தையும் ஆண்ட பேரிறைவன் மறைந்தான். அவன் இருக்கை வெறிதாயிற்று. அதனைப் பெற விழைவோர் பலர் தம்முட் பொருதுகின்றனர் என்பதே கதை. ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு நாட்டையும், அந்நாட்டார் வணங்கும் ஒரு தெய்வத்தையும் தேர்ந்துகொள்வர். தாயத்திலும் சதுரங்கத்திலும் ஒருவர் ஆடிய பின்னரே மற்றவர் ஆடுவர். இதில் எல்லோரும் தத்தம் ஆணைகளைத் தனித்தனியே வகுத்து அனுப்ப, அவையனைத்தும் ஒருங்கே நிறைவேறும். ஒரு சுற்று ஒரு மாதத்துக்குச் சமம். படை களம் புகுந்தபின் ஆடுவோன் அதனைத் திருப்ப இயலாது. முன்னர் இட்ட ஆணை விளைவிக்கும் பயனைப் பார்த்திருக்க வேண்டியதே.

இவ்விளையாட்டில் ஈழத்தவர் வியந்து நோக்கத்தக்க ஒன்றுண்டு. நாடுகளின் வரிசையிலே கைலாசமும் இருக்கின்றது, இலங்கையும் இருக்கின்றது. கைலாசத்தில் வானரரும் இயக்கரும் கந்தருவரும் வாழ்கின்றனர். இலங்கையை அரக்கர் ஆள்கின்றனர். கச்சியப்ப சிவாசாரியர் அருளிய கந்தபுராணத்திலும், வீரவாகுதேவர் தூது செல்லும் வழியில், இலங்கை அசுரர் காவல்புரியும் நகரமாகவே வருகின்றது. பழங்கதையின் பெயர்கள் கடல் கடந்து சென்று வடபுலத்தார் கையில் ஆட்டக் காய்களாயின.

எனினும், விளையாட்டின் உயிர்நிலை படையன்று, நம்பிக்கையே. ஒரு மாகாணத்து மக்கள் எந்தத் தெய்வத்தை எவ்வளவு நம்புகின்றனர் என்பதை மெழுகுவர்த்தி வடிவிலான குறிகள் காட்டும். கோயில் எழுப்பினால் அக்குறிகள் பெருகும். பகைவர் கோயிலை இடித்தால் அவர் வலிமை குன்றும். எத்துணைப் பெரும்படை உடையவராயினும், இறுதிச் சுடர் அணைந்துவிட்டால் அவர் ஆட்டம் முடிந்தது. அத்தெய்வத்துக்கு உலகில் இடமில்லை.

இந்த விதி வெறும் கற்பனையா? வரலாற்றில் இதற்குச் சான்று உண்டு. எகிப்து நாட்டில் பைலே தீவிலிருந்த ஐசிஸ் தேவியின் கோயில் ஆறாம் நூற்றாண்டில் மூடப்பட்டது. பல நூற்றாண்டுகள் நிலவிய அவ்வழிபாடு அங்கே அற்றுப்போயிற்று. கோயிலில் வழிபாடு நின்றது, தெய்வமும் மறக்கப்பட்டது.

யாழ்ப்பாணத்திலும் இவ்விதி ஒருமுறை சோதிக்கப்பட்டது. போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். அவர்தம் தளபதி பிலிப்பு தெ ஒலிவேறா 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்துத் தரைமட்டமாக்கினான். அவனும் அந்த விளையாட்டின் கணக்கையே கணக்கிட்டான் போலும். கோயில் போயின் நம்பிக்கை போகும். நம்பிக்கை போயின் தெய்வம் போகும் என்பது அக்கணக்கு. ஒல்லாந்தர் ஆட்சியில் 1734 இலே இன்றைய கோயில் தோன்றும் வரையில் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் கழிந்தது.

ஆயினும் சுடர் அணையவில்லை. விரத நாளில் உணவருந்திய வாழையிலையை எவரும் காணாவண்ணம் சுருட்டிக் கூரையிற் செருகி வைத்தனர் என்று வழிவழியாகச் சொல்லப்படுகின்றது. ஆட்டத்தின் கணக்கிலே கோயிலுக்கு எண் உண்டு. கூரையில் ஒளித்த வாழையிலைக்கு எண் ஏது?

இனிக் கந்தசட்டியின் இறுதி நாளிலே கோயில் வீதிக்கு வருவோம். முருகப்பெருமான் ஒருபுறம், சூரன் மறுபுறம் எதிர்நிற்க, ஊரவர் இருபக்கமும் திரண்டு நிற்பர். இருவரையும் தோளிற் சுமப்பவர் ஒரே ஊரவரே. சூரனின் உருவத்துக்குத் தலை மாறிமாறி வரும். யானை முகமாகத் தாரகன் வருவான், சிங்கமுகன் வருவான், பின்னர்ச் சூரன் வருவான். இதுவும் முறைமுறையாக நிகழும் போரே. ஈற்றில் அவன் மாமரமாகி நிற்பான். வேல் அதனை இரு கூறாகப் பிளக்கும்.

கணினிப் போராயின் ஆட்டம் அவ்விடத்தில் முடிந்துவிடும். தோற்றவன் பெயர் பட்டியலிலிருந்து நீங்கும். கந்தபுராணம் அவ்வாறு முடிக்கவில்லை. பிளந்த கூறுகளில் ஒன்று சேவலாயிற்று, மற்றொன்று மயிலாயிற்று. சேவல் வென்றவன் கொடியில் ஏறிற்று. மயில் அவனைத் தாங்கும் ஊர்தியாயிற்று. ஆயிரத்தெட்டு அண்டங்களை நூற்றெட்டு யுகம் ஆண்டவன் அழிந்தொழியவில்லை. முருகன் எழுந்தருளும் இடமெல்லாம் அவனும் உடன் செல்கின்றான். இன்று இலண்டனிலும் தொறொன்ரோவிலும் புலம்பெயர்ந்தோர் எழுப்பிய கோயில்களிலும் அந்த மயில் நிற்கின்றது.

இதனாற் கணினி விளையாட்டு குறையுடையதென்பது கருத்தன்று. ஆட்டமெனின் அதற்கு முடிவு வேண்டும். வென்றவர் யார், தோற்றவர் யார் என்பது தெரிதல் வேண்டும். முன்னறிந்து திட்டமிடும் திறனையும், இட்ட ஆணையின் விளைவை ஏற்கும் பொறுமையையும் அது பயிற்றும். பல நாட்டுப் பழங்கதைகளை இளைஞர்க்கு அறிமுகஞ் செய்யும். ஆயினும் எதிரியை ஒழிப்பதே வெற்றி என்னும் எண்ணம் ஆட்டத்தோடு நிற்றல் வேண்டும், ஊருக்குள் வருதலாகாது. ஒழிப்பதையே வெற்றியென்று கொண்டோரின் கொடுமையை 1621 இலே கண்ட மண் யாழ்ப்பாணம். அதன் பின்னரும் இடிபாடுகளையும் இடப்பெயர்வுகளையும் அது கண்டது.

பகைவனை வெல்லுதல் வலிமை. வென்றபின் அவனுக்கு ஓர் இடம் அளித்தல் பெருமை. முன்னதனை எந்தத் தளபதியும் செய்வான். பின்னதனைச் செய்தவனையே யாழ்ப்பாணத்தவர் தெய்வமென்று தோளிற் சுமக்கின்றனர்.