பிள்ளைகளின் மறதி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

விழாவில் ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது, நாம் குறளைப் பற்றியோ சிலம்பைப் பற்றியோ பேசுவோம் என்றே அவர் எதிர்பார்த்திருப்பார். அதற்குரிய புலமை நம்மிடம் இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளுக்கிடையே காலங்கழிக்கும் குமாஸ்தா நாம். ஆயினும் நம் குடியிருப்பில் மாலை வேளையில் எந்த வாசலைக் கடந்தாலும் ஒரு வாசகம் காதில் விழுகின்றது. "எத்தனை தடவை சொன்னேன்?" என்பதே அது. அதைக் குறித்துச் சில சொற்கள் சொல்லலாம் என்று துணிந்தோம்.

முதலில் நம் வீட்டுக் கதை. இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எட்டு வயது நிரம்பிய நம் இளைய மகனை அழைத்து, "மாடிக்குப் போய்த் துணிகளை எடுத்து வா; போகும்போது தொட்டிக் குழாயை மூடிவிடு; வரும்போது எதிர்வீட்டு மாமியிடம் இந்தப் பாத்திரத்தைக் கொடு" என்றோம். பையன் பாத்திரத்தைக் கொடுத்தான். மாமி தந்த முறுக்கைத் தின்றுகொண்டு அங்கேயே நின்றுவிட்டான். துணியும் வரவில்லை, குழாயும் மூடப்படவில்லை. தொட்டி வழிந்து, கீழ்வீட்டார் வாங்கி வைத்திருந்த அரிசி மூட்டை நனைந்தது. அவர்கள் நம்மை ஒன்றும் சொல்லவில்லை. அதுவே நமக்குப் பெரிய தலைகுனிவாகிவிட்டது. கோபத்தில் பிள்ளையைக் கை ஓயும் வரை அடித்தோம். அழுது முடித்த பின் அவன் சொன்னது இதுதான்: "அப்பா, நீங்க சொன்னது தெரியும். படியில ஏறும்போது அது போயிடுச்சு."

அன்று அதனைப் பொய் என்றே எண்ணினோம். ஏனெனில் இரயில் இஞ்சின்களின் வகைகளை ஒன்றுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளை அவன். மூன்றாண்டுக்கு முன் ஊருக்குப் போன பயணத்தில் எந்த நிலையத்தில் என்ன தின்றோம் என்பதை இன்றும் சொல்வான். இவ்வளவு நினைவுடையவனுக்கு ஒரு குழாய் மட்டும் எப்படி மறக்கும்? இக்கேள்வியை அண்டை வீட்டாரும் கேட்டார்கள், நாமும் கேட்டோம். பள்ளியிலிருந்து நாள்குறிப்பேட்டில் சிவப்பு மையால் வந்துகொண்டிருந்த புகார்களும் இதையே கேட்டன. கேள்வி நியாயமானதுதான். விடைதான் நாம் நினைத்ததன்று.

நினைவு என்பது ஒன்றல்ல என்பதே அவ்விடை. பழைய கோப்புகளை அடுக்கி வைக்கும் ஆவண அறை வேறு. இப்போது பார்க்கும் தாளை விரித்து வைக்கும் மேசை வேறு. ஆவண அறை எவ்வளவு பெரிதாயினும் மேசை சிறிதாக இருக்கலாம். இந்த மேசையை உளவியலார் 'ஒர்க்கிங் மெமரி' என்பர். நாம் செயல் நினைவு எனலாம். கேட்டதைச் சில நொடிகள் உள்ளத்தில் பிடித்து வைத்துக்கொண்டே அதைக் கொண்டு ஒரு வேலையையும் செய்யும் ஆற்றல் இது. 1974-இல் ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்னும் இரு ஆங்கில அறிஞர்கள் இதன் அமைப்பை விளக்கினார்கள். ஒலியைத் திரும்பத் திரும்ப உள்ளுக்குள் சொல்லிக் காக்கும் பகுதி ஒன்று; உருவத்தையும் இடத்தையும் காக்கும் பகுதி ஒன்று; இவ்விரண்டையும் மேற்பார்வை செய்து, எதைக் கவனிப்பது, எதைத் தள்ளுவது என்று ஆணையிடும் அதிகாரி ஒருவர்.

அந்த மேசை வளர்ந்தவர்க்கும் பெரிதன்று. 1956-இல் ஜார்ஜ் மில்லர் என்னும் அமெரிக்க உளவியலார் ஏறத்தாழ ஏழு பொருள்களே அதில் அடங்கும் என்றார். பின்னர் 2001-இல் நெல்சன் கோவன் என்பவர், உள்ளபடி பார்த்தால் நான்குதான் என்று குறைத்துவிட்டார்! நம் துறையிலேயே இதற்குச் சான்று உண்டு. சரக்குப் பெட்டியின்மேல் 11 இலக்க எண் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதனை ஒரே மூச்சில் படித்து, பத்தடி நடந்து போய்ச் சொல்லச் சொன்னால் பலரும் தடுமாறுவர். ஆனால் முதல் 2 இலக்கம் பெட்டியின் வகை, அடுத்த 2 எந்த இரயில்வேக்கு உரியது என்பது, அடுத்த 2 செய்யப்பட்ட ஆண்டு, அதன்பின் 4 பெட்டியின் தனி எண், கடைசி 1 சரிபார்க்கும் இலக்கம் என அறிந்தவர்க்குப் பதினொன்று ஐந்தாகச் சுருங்கிவிடுகிறது. மேசை பெரிதாகவில்லை, தாள்கள் கட்டுகளாயின. பிள்ளைகளுக்கோ இன்னும் கட்டத் தெரியாது.

மாதங்கள் சில கழிந்து, உறவினர் ஒருவரின் வற்புறுத்தலால் பிள்ளையை மனநல மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். 'மனநலம்' என்ற பலகையைக் கண்டதும் நம் துணைவியார் முக்காட்டை இழுத்துவிட்டுக் கொண்டார். குடியிருப்பில் எவரேனும் பார்த்துவிட்டால் என்னாவது என்ற அச்சம். அந்த அச்சத்துக்காகவே நாம் ஓராண்டை வீணாக்கியிருந்தோம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

மருத்துவர் எண்களைச் சொல்லிப் பிள்ளையைத் திருப்பிச் சொல்ல வைத்தார். நான்கு எண்களை அவ்வாறே சொன்னான். பின்னிருந்து முன்னாகச் சொல் என்றபோது இரண்டைத் தாண்ட முடியவில்லை. பிடித்து வைப்பது ஒன்று; பிடித்துக்கொண்டே புரட்டுவது மற்றொன்று. அந்த ஒரு சோதனையால் அவர் முடிவு கட்டிவிடவில்லை. பள்ளியிலிருந்து எழுத்து கேட்டார். குழந்தைப் பருவம் முழுவதையும் விசாரித்தார். காதையும் கண்ணையும் பரிசோதிக்கச் செய்தார். கவனமின்மையோ அடங்காத துடிப்போ ஆறு மாதத்துக்குக் குறையாமல் நீடிக்க வேண்டும், வீடு பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காணப்பட வேண்டும், 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும் என்பன இதற்குரிய விதிகள். இறுதியில் அவர் சொன்ன பெயர் ஏ.டி.எச்.டி. தமிழில் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு என்கிறார்கள். பெயரைக் கேட்டாலே மூச்சு வாங்குகிறது. பிள்ளையின் பாடு எம்மாத்திரம்!

இது புதிதாக முளைத்த நோயன்று. 1902-இல் இலண்டன் மாநகரில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றித் தொடர் சொற்பொழிவு நிகழ்த்தினார். அறிவில் குறையில்லாதிருந்தும் தம்மை அடக்கிக்கொள்ள இயலாத பிள்ளைகள் என்று கூர்ந்து கண்ட அவரே, அதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றுதான் எழுதினார். அத்தனை பெரிய மருத்துவரே ஒழுக்கத்தின்மேல் பழியைப் போட்டார் எனின், நாம் போட்டதில் வியப்பென்ன? இன்றுள்ள பெயர் 1987-இல்தான் வந்தது. உலக நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2007-இல் கணக்கிட்டபோது நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐவர்க்கு இது இருப்பதாகத் தெரிந்தது. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் இருவர்! அதே 2007-இல் அமெரிக்காவில் இப்பிள்ளைகளின் மூளையைப் படமெடுத்துப் பார்த்ததில், மூளையின் மேலுறை முதிரும் ஒழுங்கு மற்றப் பிள்ளைகளுடையதைப் போன்றதே, ஆயினும் சராசரியாக மூன்றாண்டு பின்தங்கி வருகிறது என்று கண்டனர். திட்டமிடுதற்கும் அடக்கத்திற்கும் உரிய முன்பகுதியில் அத்தாமதம் மிகுதி. வண்டி தடம் மாறவில்லை, தாமதமாக வருகிறது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். இக்கோளாறுடைய பிள்ளைகள் எல்லோருக்கும் செயல் நினைவு குறைவு என்பதில்லை. பலர்க்கு உண்டு, சிலர்க்கு இல்லை. செயல் நினைவு குறைந்த பிள்ளைகள் எல்லோருக்கும் இக்கோளாறு உண்டு என்பதுமில்லை. ஆகவே இன்றிரவு வீட்டுக்குப் போய் எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்லிப் பிள்ளைகளுக்கு நோய்ப்பெயர் சூட்டிவிடாதீர்கள். மற்றொன்று: துள்ளுகின்ற பையனைத்தான் எல்லோரும் கவனிக்கிறார்கள். சன்னலோரம் அமைதியாக அமர்ந்து, ஆசிரியர் சொல்வதில் பாதியைத் தவறவிட்டுக்கொண்டிருக்கும் பெண் குழந்தையை எவரும் மருத்துவரிடம் அழைத்துப் போவதில்லை. "அவள் சாது, படிப்புத்தான் ஏறவில்லை" என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

நம் போன்ற வெளிமாநிலத் தமிழர்க்கு இதில் ஒரு தனித் தொல்லை உண்டு. பிள்ளை வீட்டில் தமிழ், வீதியில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் வாழ்கிறான். சொல்வதெழுதுதலில் ஆசிரியர் ஒரு வாக்கியத்தைச் சொல்கிறார். இவன் முதற்சொல்லின் எழுத்துக்கூட்டலைத் தேடி முடிப்பதற்குள் கடைசிச் சொல் கரைந்துவிடுகிறது. கணக்கிலும் இதே கதை. ஒன்றாம் இடத்தைக் கூட்டி எழுதுவதற்குள், பத்தாம் இடத்துக்கு ஏற வேண்டிய 1 எங்கோ போய்விடுகிறது. இதைக் கண்டு ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியை நம்மிடம், "வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். நாமும் இரண்டு மாதம் அவ்வாறே செய்தோம். இந்தச் சங்க மேடையில் நின்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பாட்டி தொலைபேசியில் அழைத்தால் பிள்ளை "ஹலோ"வுக்குப் பின் வாய் திறக்காமல் நின்றான். மறதி குறையவில்லை, பேச்சு குறைந்தது. இரண்டு மூன்று மொழி பேசுவதால் இக்கோளாறு வருவதில்லை, தாய்மொழியைப் பறிப்பதால் தீர்வதுமில்லை என மருத்துவர் தெளிவாகச் சொன்ன பிறகே வீட்டில் மீண்டும் தமிழ் ஒலித்தது.

இனி, செய்ய வேண்டுவது யாது? இங்கே நம் துறையே நமக்கு ஆசானாயிற்று. ஒரு நாள் அலுவலகத்தில் அமர்ந்து எண்ணிப் பார்த்தோம். இரயில்வே எந்த மனிதனின் நினைவையாவது நம்புகிறதா? வழியில் எந்தக் கிலோமீட்டர் முதல் எந்தக் கிலோமீட்டர் வரை எத்தனை வேகத்தில் போக வேண்டும் என்பதைத் தேர்ந்த ஓட்டுநரிடம்கூட வாயால் சொல்லி அனுப்புவதில்லை. காஷன் ஆர்டர் என்று தாளில் எழுதிக் கொடுத்துக் கையொப்பம் வாங்குகிறோம். சிக்னலைக் கண்டதும் ஓட்டுநர் உரக்கச் சொல்ல வேண்டும். உதவி ஓட்டுநரும் உரக்கச் சொல்ல வேண்டும். கேட்டை மூடினேன் என்று கேட்கீப்பர் வாயால் சொன்னால் போதாது. தனி எண் ஒன்றைச் சொல்லி, அதைப் பதிவேட்டில் எழுதினால்தான் செல்லும். முப்பதாண்டு பணி செய்த ஆடவரிடமே இத்தனை ஏற்பாடு. எட்டு வயதுப் பிள்ளையிடம் மூன்று வேலைகளை வாயால் சொல்லி, ஒரு பாத்திரத்தையும் கையில் கொடுத்து, படியேற்றிவிட்டு, மறந்ததற்கு அடித்தோம்!

அன்று முதல் வீட்டில் காஷன் ஆர்டர் முறை வந்தது. ஒரு நேரத்தில் ஒரே வேலை. பெயரைச் சொல்லி அழைத்து, அவன் கண் நம்மேல் பட்ட பிறகே சொல்வது. சொன்னதை அவன் வாயால் திருப்பிச் சொல்வது. பள்ளிப்பையில் வைக்க வேண்டியவை கதவின் உட்புறம் படமாகவும் எழுத்தாகவும் ஒட்டப்பட்டன. கணக்குப் போடும்போது வாய்ப்பாட்டுத் தாள் பக்கத்தில் இருக்கலாம். ஏற வேண்டிய 1-ஐ மேலே பெரிதாக எழுதிக்கொள்ளலாம். பதினைந்து நிமிடம் படித்தால் ஐந்து நிமிடம் ஓடலாம். நம் துணைவியார் இம்முறையை நம்மீதும் செலுத்தத் தொடங்கிவிட்டார். காய்கறிப் பட்டியல் இப்போது எழுத்து மூலமே வருகிறது. (இக்கோளாறு குடும்பவழி வருவதே பெரும்பான்மை என்கிறார்கள். எத்தனை குடைகளை இரயிலில் விட்டிறங்கியிருக்கிறோம் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை.)

மருந்தும் உண்டு. மெத்தில்பெனிடேட் என்பது பல நாடுகளில் நெடுங்காலமாக வழங்கப்படுவது. கவனத்தை நிறுத்த அது பலர்க்கு உதவுகிறது. பசி குறையலாம், தூக்கம் கெடலாம். ஆகவே எடை, உயரம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் பார்த்து மருத்துவரே கொடுக்க வேண்டுவது. பேய் பிடித்ததுபோல் அதற்கு அஞ்சவும் வேண்டா. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்ததை வாங்கிக் கொடுக்கவும் வேண்டா. 'நினைவாற்றலைப் பெருக்கும்' கணினி விளையாட்டுகளுக்கும் வகுப்புகளுக்கும் இக்காலத்தில் விளம்பரம் மிகுதி. 2013-இல் இத்தகைய பயிற்சிகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பழகிய விளையாட்டில் பிள்ளை தேறுகிறது, அத்தேர்ச்சி படிப்புக்கும் கணக்குக்கும் வந்து சேர்வதாகச் சான்று இல்லை என்று முடிவு கூறினர். நாமும் ஏமாந்தவரே. ஒரு போனஸ் பணத்தில் பாதி அவ்வழி போயிற்று. வல்லாரை லேகியம் வாங்கியது தனிக் கணக்கு.

தமிழில் கவனகம் என்னும் அரிய கலை இருந்ததை இங்குள்ள பெரியோர் அறிவர். ஒரே வேளையில் பலர் கேட்கும் பலவற்றையும் உள்ளத்தில் ஏந்தி விடையளித்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) அவர்களின் புகழைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனாலோ என்னவோ, பிள்ளையின் உள்ளத்தில் எத்தனை நிற்கிறது என்பதை வைத்தே அவன் அறிவை அளக்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. நம் மகனுக்கு இரண்டு நிற்கிறது. கையில் தாள் இருந்தால் எல்லாம் நிற்கிறது. சென்ற வாரம் மாடிக் குழாயை அவனே மூடினான். சட்டைப்பையில் சீட்டு இருந்தது. கீழ்வீட்டார் இப்போது அவனிடம்தான் தண்ணீர் நிலவரம் கேட்கிறார்கள்.

நேரமாகிவிட்டதாகச் செயலாளர் சைகை காட்டுகிறார். அடுத்து நம் குடியிருப்புச் சிறுவர்களின் நாடகம். அதில் அவனுக்கு ஏழு வசனம் உண்டு. பக்கத்திரையில் ஒருவர் வசனத்தாளோடு நிற்பார். அது நாமே வேண்டிக் கேட்டுக்கொண்ட ஏற்பாடு. திரை தூக்கும் நேரமாயிற்று. அந்தத் தாள் நம் பையில் இருப்பதால் விடைபெறுகிறோம்.