மெட்ராஸ் பேர்ல ஒரு நரம்பு நோய்: "எந்த வகை?" என்று கேளுங்கள்

(இந்த வார ஒலிபரப்பின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றுச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்குப் பேச எடுத்துக்கிட்டது கொஞ்சம் கனமான விஷயம். மோட்டார் நியூரான் நோய். தமிழில் இயக்க நரம்பணு நோய் என்று எழுதுகிறார்கள். டாக்டர் சீட்டில் எம்.என்.டி. என்று மூன்று எழுத்து மட்டும் இருக்கும். அதைப் பார்த்ததும் வீட்டில் யாராவது ஒருத்தர் போனில் தேடுவார். "இரண்டு முதல் ஐந்து வருடம்" என்று ஒரு வரி வந்து நிற்கும். அன்னைக்கு ராத்திரி அந்த வீட்டில் யாரும் தூங்க மாட்டாங்க.

அந்த வரி பொய் இல்லை. ஆனா அது எல்லாருக்கும் பொருந்துற வரியும் இல்லை. எம்.என்.டி. என்பது ஒரு தனி நோயோட பேர் இல்லைங்க, பல நோய்கள் சேர்ந்த ஒரு குடும்பத்தோட பேர். அந்தக் குடும்பத்தில் ஒரு நோய்க்கு மெட்ராஸ் என்றே பேர் வச்சிருக்காங்க. இன்னைக்கு அதிலிருந்துதான் தொடங்கப் போறேன்.

அதுக்கு முன்னாடி, மோட்டார் நியூரான் என்றால் என்ன? கஜா புயல் அடிச்ச 2018 நவம்பரை நினைச்சுப் பாருங்க. டெல்டா முழுக்கக் கரண்ட் இல்லை. வீட்டில் ஃபேன் நல்லாத்தான் இருந்தது, சுத்தலை. ஏன்னா கம்பம் சாஞ்சு கம்பி அறுந்து போச்சு. நம்ம உடம்பில் தசை என்பது ஃபேன் மாதிரி. மூளையிலிருந்து தண்டுவடம் வரைக்கும் ஒரு நரம்பணு, தண்டுவடத்திலிருந்து தசை வரைக்கும் இன்னொரு நரம்பணு. இந்த இரண்டும்தான் லைன். லைன் செத்துப்போனா தசைக்குக் கட்டளை வராது. வேலை செய்யாத தசை மெலிஞ்சு போகும், தோலுக்கடியில் துடிக்கும். பொதுவா உணர்ச்சி மாறாது. தொட்டால் தெரியும், சுட்டால் தெரியும்.

இதில் பெரியவர்களுக்கு வருகிற முக்கிய வகையை ஏ.எல்.எஸ். என்பார்கள். 1869-இல் பாரிஸில் ஷார்கோ என்ற மருத்துவர் இதை விவரித்தார். காரைக்கால் அப்போ பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். இன்னைக்கும் நம்மில் பல வீட்டில் பிரான்ஸில் சொந்தம் உண்டு. அங்கிருந்து பேசுற அத்தையோ சித்தப்பாவோ "ஷார்கோ நோய்" என்று சொன்னால் குழம்ப வேண்டாம். பிரான்ஸில் ஷார்கோ நோய், அமெரிக்காவில் லூ கெரிக் நோய், இங்கே ஏ.எல்.எஸ். மூணும் ஒண்ணுதான்.

இப்போ ஒரு பையனைக் கற்பனை பண்ணிக்கலாம். கிளிஞ்சல்மேட்டில் ஒரு மீனவர் வீடு. பையனுக்கு 16 வயசு. வலையில் முடிச்சுப் போட விரல் வரலை. சட்டைப் பட்டன் போட நேரமாகுது. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறான், காது மந்தமாகுது. கொஞ்ச நாளில் கன்னம் ஒட்டிப் போகுது, பேச்சு மூக்கால் வருது. எம்.என்.டி. என்று சீட்டில் எழுதுகிறார்கள். அம்மா போனில் தேடிப் பார்க்கிறாங்க. அந்த இரண்டு முதல் ஐந்து வருடம் இவனுக்குப் பொருந்துமா?

இந்த மாதிரிப் பிள்ளைகளைத்தான் சென்னையில் மருத்துவர்கள் கவனிச்சாங்க. மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மூவரும் 1970-இல் இளம் வயதினரிடம் மெட்ராஸில் தாங்கள் பார்த்த மோட்டார் நியூரான் நோயைப் பற்றி எழுதினார்கள். இதில் ராமமூர்த்தி, சென்னையில் நரம்பியல் அறுவைத் துறையைக் கட்டியெழுப்பிய அதே டாக்டர் பி. ராமமூர்த்திதான். மேல்நாட்டுப் பாடப்புத்தகத்தில் இருந்த நோயாளி நடுவயதைத் தாண்டியவர், சீக்கிரமே மோசமாகிறவர். இவங்க பார்த்ததோ பதின்வயதுப் பிள்ளைகள். கை கால் மெலிவு, முகத்திலும் தொண்டையிலும் பலவீனம், கூடவே காது கேளாமை. ஏ.எல்.எஸ்.-இல் காது பாதிக்கப்படுவது வழக்கம் இல்லை. இன்னொரு பெரிய வித்தியாசம், இது ரொம்ப மெதுவாப் போகும். அதுக்குத்தான் மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய் என்று பேர் வந்தது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 1971 முதல் 2007 வரை, 36 வருஷத்தில் தாங்கள் பார்த்த 116 பேரைத் தொகுத்து 2008-இல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவர்கள் தென்னிந்தியர்கள். சிலருக்குக் கண் நரம்பும் மெலிந்திருந்தது. அதை இந்த நோயின் கிளை வகை என்கிறார்கள். வேறு நாடுகளிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இந்த நோய் பதிவாகியிருக்கு. 36 வருஷத்தில் 116 பேர் என்றால் எவ்வளவு அரிதுன்னு புரியும். இதைக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. ஆனா பல வருஷம், பத்தாண்டுக் கணக்கில் வாழ்ந்தவர்கள் உண்டு. அப்படியானால் அந்தப் பிள்ளைக்குக் காது கருவி வேணும், படிப்பைத் தொடரணும், விழுங்குறதுக்குப் பயிற்சி வேணும். "இரண்டு வருஷம்தான்" என்று பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டால், அது நோய் செஞ்ச கெடுதல் இல்லை, நாம செஞ்சது.

இப்போ ஆராய்ச்சிக்கு வர்றேன். இதே சாயலில் குழந்தைகளுக்கு வருகிற இன்னொரு நோய் இருக்கு. அங்கேயும் காது கேளாமை, முகம், தொண்டை, கை கால் பலவீனம். 1894-இல் பிரௌன், பிறகு வியலெட்டோ, வான் லேர் என்று மூன்று மருத்துவர்கள் வெவ்வேறு காலத்தில் விவரித்ததால் மூன்று பேரோட பேரும் சேர்ந்த நீளமான பேர். நூறு வருஷத்துக்கும் மேல் காரணம் தெரியலை. மூச்சுத் தசை பாதிக்கப்பட்டுப் பல குழந்தைகள் இறந்துபோனார்கள்.

2010-இல் காரணமான மரபணு ஒன்று தெரிந்தது, 2012-இல் இன்னொன்று. இரண்டும் ஒரே வேலை செய்பவை. ரைபோஃபிளேவின், அதாவது வைட்டமின் பி2, அதை உடம்பின் செல்களுக்குள்ளே ஏத்திவிடும் வாகனங்களை உருவாக்கும் மரபணுக்கள். வாகனம் பழுது, சரக்கு போய்ச் சேரலை, நரம்பணு பட்டினி. அப்போ சரக்கை ரொம்ப அதிகமாக் கொடுத்தா கொஞ்சமாவது உள்ளே போகுமா? 2011-லிருந்து கொடுத்துப் பார்த்தார்கள். பல குழந்தைகளுக்கு நோய் நின்றது, சிலர் இழந்த பலத்தைத் திரும்பப் பெற்றார்கள். சீக்கிரம் தொடங்கியவர்களுக்குப் பலன் கூடுதல். அதனாலதான் இன்னைக்கு மருத்துவர்களுக்கான வழிகாட்டுதல், சந்தேகம் வந்ததுமே மருந்தைத் தொடங்கு, மரபணுப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்காதே என்கிறது.

ஒரு வைட்டமின்ங்க! ஆனா ஒரு எச்சரிக்கை. கடையில் வாங்குற பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை இதுக்குப் போதாது. அளவு பல மடங்கு, உடல் எடையைப் பார்த்து டாக்டர்தான் முடிவு பண்ணணும், வாழ்நாள் முழுக்கத் தொடரணும். மெட்ராஸ் நோய் உள்ள எல்லாருக்கும் இது மருந்து என்றும் நான் சொல்லலை. காது மந்தத்தோட கை கால் பலவீனம் வருகிற ஒரு பிள்ளைக்கு "ரைபோஃபிளேவின் குறைபாடாக இருக்குமா?" என்று கேட்காமல் வீட்டுக்கு வரக்கூடாது, அவ்வளவுதான்.

இந்தக் குடும்பத்தில் இன்னும் சிலரைச் சொல்லணும். ஒரு கை மட்டும், முக்கியமா விரல்களும் முன்கையும் மெலிந்து, குளிர்ந்தால் விரல் இன்னும் விறைக்கிறதா? 15 முதல் 25 வயசுக்குள்ள ஆண் பிள்ளையா? 1959-இல் ஜப்பானில் ஹிராயாமா விவரித்த நோயாக இருக்கலாம். நிம்ஹான்ஸில் கௌரி தேவி குழுவினர் 1984-இல் இந்தியாவில் இதுபோன்ற நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். கழுத்தைக் குனியும்போது தண்டுவடம் நசுங்குவது காரணம். கழுத்தைக் குனிஞ்ச நிலையில் வச்சு எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் சரியாத் தெரியும். பெரும்பாலும் சில வருஷத்தில் தானாக நின்றுவிடும். கழுத்துப் பட்டை போட்டால் முன்னாடியே நிறுத்த முடியும்.

குழந்தைகளுக்கு வரும் எஸ்.எம்.ஏ. என்ற முதுகுத் தண்டுவடத் தசைச் சிதைவும் மோட்டார் நியூரான் நோய்தான். 2016 வரை அதுக்கு மருந்தே கிடையாது. 2016, 2019, 2020 என்று அமெரிக்காவில் அடுத்தடுத்து மூன்று மருந்துகளுக்கு ஒப்புதல் வந்தது. கடைசியா வந்த ரிஸ்டிப்லாம் வாயால் குடிக்கிற மருந்து. இந்தியாவில் ஒரு பாட்டில் ஆறு லட்சம் ரூபாய்க்கு மேல் இருந்தது. காப்புரிமை வழக்கு டெல்லி உயர் நீதிமன்றம் போய், 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்த பிறகு நேட்கோவின் ஜெனரிக் 16 ஆயிரத்துக்கும் கீழே வந்தது. அதுவும் பலருக்கு அதிகம்தான், ஆனா ஆறு லட்சம் இல்லை.

எஸ்.எம்.ஏ.வும் சரி, அந்த ரைபோஃபிளேவின் நோயும் சரி, அப்பா அம்மா இரண்டு பேரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வரும். பெற்றவர்கள் நல்லாத்தான் இருப்பாங்க. நம்ம பக்கம் மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் சகஜம் என்பதால் இரண்டு பேரிடமும் ஒரே பழுது இருக்க வாய்ப்பு கூடுது. யாரையும் குத்தம் சொல்ல இதைச் சொல்லலை. ஒரு குழந்தைக்கு வந்திருந்தா, ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு; அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசனை கேளுங்க.

சரி, 55 வயசு அப்பாவுக்கு ஏ.எல்.எஸ்.தான் என்று உறுதியாகிடுச்சு. என்ன செய்ய? ரிலுசோல் 1995-லிருந்து இருக்கு, இந்தியாவில் ஜெனரிக் கிடைக்குது. ஆய்வுகளில் ஆயுளைச் சில மாதம் கூட்டியது. 2023 ஏப்ரலில் அமெரிக்காவில் டோஃபர்சென் என்ற ஊசிக்கு ஒப்புதல் கிடைத்தது. தண்டுவட நீரில் போடுவது. எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவில் பழுது உள்ளவர்களுக்கு மட்டும். ஏ.எல்.எஸ். நோயாளிகளில் அவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவுதான். எதிர்த்திசையிலும் ஒரு பாடம் உண்டு. 2022-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரெலிவ்ரியோ, பெரிய ஆய்வில் தோற்று 2024-இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. "புது மருந்து வந்துடுச்சு" என்று வாட்ஸாப்பில் வந்தால், எந்த வகைக்கு, எத்தனை பேரிடம் ஆய்வு என்று கேட்கணும்.

ஸ்டெம் செல் பற்றிக் கட்டாயம் சொல்லணும். நிலத்தை வித்துப் போட்டுக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்காங்க. ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதல் தெளிவா இருக்கு: இந்த நோய்களுக்கு அது ஒப்புக்கொள்ளப்பட்ட சிகிச்சை இல்லை, முறையான ஆய்வுக்குள் மட்டும்தான் கொடுக்கலாம். ஆய்வில் சேர்பவரிடம் அதுக்குக் காசு வாங்கக் கூடாது. காசு கேட்டால் எழுந்து வந்துடுங்க. அந்தப் பணத்தில் ராத்திரி மூச்சுக்கு உதவும் பைபாப் கருவி வாங்கலாம். அது ஆயுளையும் தூக்கத்தையும் கூட்டும் என்று ஆய்வு காட்டியிருக்கு.

இன்னொண்ணு. நம்ம ஊரில் கை கால் விழுந்தா திருநள்ளாறு போவாங்க. போங்க, நளதீர்த்தத்தில் குளிச்சுட்டு வாங்க. வேண்டாம்னு சொல்லலை. ஆனா "ஏழரை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று உட்காராதீங்க. ரைபோஃபிளேவினோ எஸ்.எம்.ஏ. மருந்தோ, செத்துப்போன நரம்பணுவை எழுப்பாது. மிச்சம் இருப்பதைத்தான் காப்பாத்தும்.

முதலில் காரைக்கால் அரசு பொது மருத்துவமனையில் காட்டுங்க. அங்கிருந்து கடிதம் வாங்கிக்கிட்டு நரம்பியல் துறை உள்ள இடத்துக்குப் போங்க. புதுச்சேரி ஜிப்மரோ, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையோ. போகும்போது ஒரு தாளில் நாலு கேள்வி எழுதிக்கோங்க.

ஒண்ணு: இது எம்.என்.டி.யில் எந்த வகை? இரண்டு: இதே மாதிரி தோன்றுகிற, மருந்துள்ள நோய்களைப் பார்த்தாச்சா? கழுத்து எலும்புத் தேய்மானம், பி12 குறைவு, இம்யூனோகுளோபுலின் ஊசிக்குக் கேட்கிற மோட்டார் நரம்பு நோய், இதெல்லாம் எம்.என்.டி. மாதிரியே வேஷம் போடும். நரம்புக் கடத்தல் பரிசோதனையும் இ.எம்.ஜி.யும் இதுக்குத்தான். மூணு: காது, கண் பரிசோதனை தேவையா? நாலு: மரபணுப் பரிசோதனையால் சிகிச்சை மாறுமா?

இந்த நாலுக்கும் பதில் கேட்ட பிறகும் அது ஏ.எல்.எஸ்.தான் என்று வரலாம். பலருக்கு அப்படித்தான் வரும், நான் பொய் நம்பிக்கை கொடுக்கலை. ஆனா கிளிஞ்சல்மேட்டுப் பையனுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க ஒருத்தர் வேணும். அந்த ஒருத்தர் நீங்களா இருக்கலாம்.

தேவைப்படுகிற ஒரு வீட்டுக்கு இதை அனுப்பி வைங்க. அடுத்த வாரம் சந்திக்கலாம்.